காப்புள்ள வீடு

சேலத்திலிருந்து பூபதி வந்தபோது வனிதாமணி மொட்டை மாடியில் இருந்தாள். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, கயிற்றில் கட்டிய வெப்பமானியை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தாள். காப்பு போட்ட கட்டடத்தில் இந்த வேலையே வேண்டாம் என்று கம்பெனிக்காரர்கள் பல தடவை சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் அவளுக்குக் கை சும்மா இருக்காது. முப்பத்தெட்டு டிகிரி காட்டியது. பங்குனி முடிவதற்குள் இந்தச் சூடு.

கீழே ஒருவர் வந்து நிற்பதாக வாட்ச்மேன் போனில் சொன்னான். வீடு கேட்டு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். சரவணம்பட்டியில் அவளுடைய கட்டடத்துக்கு எப்போதும் ஆள் காத்திருக்கும். ஐந்து மாடி, இருபது வீடு. வாசலில் நீல எழுத்தில் ‘காப்புள்ள கட்டடம்’ என்று பலகை. கோயம்புத்தூரில் வாடகைக்கு வீடு தேடுகிற எவருக்கும் முதலில் கண்ணில் பட வேண்டியது அந்தப் பலகைதான்.

வனிதாமணியும் அவள் கணவரும் திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருந்தவர்கள். கணவர் போன பிறகு பட்டறையை விற்றுவிட்டு, மகள் மிதுனாவோடு இங்கே வந்து இந்தக் கட்டடத்தைக் கட்டினாள். கோடை வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டே போன காலம் அது. பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே வெதுவெதுப்பாக வந்தது. குளிர்ந்த நீரில் பெருகாத, கொதிநீரில் செத்துப்போகிற ஒரு கிருமிக்கு அந்த வெதுவெதுப்பு தாய்வீடாகிப்போனது. குழாய்களின் உட்புறம் படிகிற வழுவழுப்பில் அது குடியேறும். யாராவது ஷவரைத் திறந்தால் சாரலோடு சாரலாக நெஞ்சுக்குள் இறங்கும். முதலில் காய்ச்சல், பிறகு இருமல், பிறகு நுரையீரல் இரண்டும் நீர் கோத்துக்கொள்ளும். ஜனங்கள் அதற்குக் குழாய்க் காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள். சாவு பெருகியதும் சட்டம் வந்தது. குடியிருப்பவருக்குக் குழாய்க் காய்ச்சல் வந்தால் வீட்டுக்காரர் பொறுப்பு. உயிர் போனால் சிறை.

வனிதாமணி சட்டத்துக்குப் பயந்து எதையும் செய்தவள் அல்ல. தன் வீட்டில் இருக்கிறவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இயல்பிலேயே உண்டு. வெந்நீர்த் தொட்டியை அறுபது டிகிரிக்குக் கீழே இறங்க விடமாட்டாள். காலியாகக் கிடக்கும் வீடுகளில் வாரம் தவறாமல் எல்லாக் குழாய்களையும் திறந்து, தேங்கிய நீரை ஓடவிடுவாள். எங்கும் போய்ச் சேராமல் சுவருக்குள் முடிந்துபோகிற குழாய்த் துண்டுகளைத் தேடித் தேடி வெட்டி எடுத்தாள். ஷவர் தலைகளைக் கழற்றிக் குளோரின் நீரில் ஊறவைத்தாள். பிறகு தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. குழாயைச் சும்மா திறந்துவிட்டால் அபராதம் என்று இன்னொரு சட்டம் வந்தது. ஓடவிடாவிட்டால் ஒரு அதிகாரி வருவார், ஓடவிட்டால் வேறொரு அதிகாரி வருவார். வீடு வைத்திருந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார்கள்.

காப்பு வந்தது அந்தச் சமயத்தில்தான். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நல்ல கிருமிகளைக் குழாய்களுக்குள் ஒருமுறை செலுத்தினால் போதும். அவை உட்புறம் முழுக்க மெல்லிய படலமாகப் படர்ந்து, காய்ச்சல் கிருமி ஒட்ட இடமே தராது. தப்பித் தவறி ஒன்றிரண்டு வந்தாலும் படலத்திலிருந்து ஊறுகிற பொருள் அதைக் கொன்றுவிடும். தண்ணீரை வீணாக்க வேண்டாம், குளோரின் நாற்றம் இல்லை. ஆறு வருடங்களாக அவள் கட்டடத்தில் ஒருவருக்கும் இருமல்கூட வந்ததில்லை.

பூபதி வீடு கேட்டு வரவில்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டை கசங்கியிருந்தது. சேலம் அம்மாப்பேட்டையில் தனக்கு ஒரு மாடி வீடு இருப்பதாகவும், மேல் பகுதியில் திருமலைசாமியைக் குடிவைத்ததாகவும் சொன்னார். திருமலைசாமியை வனிதாமணிக்கு நன்றாகத் தெரியும். மூன்றாம் மாடியில் ஐந்து வருடம் இருந்தவர். மகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தை மாதம் காலி செய்துவிட்டுச் சேலம் போனார். போன ஒரு மாதத்துக்குள் குழாய்க் காய்ச்சலில் செத்துப்போனார் என்று பூபதி சொன்னார். பூபதி ஜாமீனில் வெளியே வந்திருந்தார்.

“உங்களக் குத்தம் சொல்ல வரலைங்கம்மா,” என்றார் அவர். “என் வீட்டுத் தண்ணிய மூணு எடத்துல குடுத்துப் பாத்தாச்சு. இருக்க வேண்டிய அளவுக்குள்ளதான் இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அதே தண்ணியிலதான் நானும் என் சம்சாரமும் குளிக்கிறோம். என் பேத்தி கைக்குழந்தை, அவளுக்கும் அதே தண்ணிதான். ஒருத்தருக்கும் ஒரு தும்மல்கூட இல்ல. அவருக்கு மட்டும் எப்படிங்க?”

திருமலைசாமிக்கு முன்பே நெஞ்சில் ஏதாவது கோளாறு இருந்ததா, இருந்தால் அதைக் கோர்ட்டில் வந்து சொல்ல முடியுமா என்பதுதான் அவர் கேட்க வந்தது. வனிதாமணி யோசித்துப் பார்த்தாள். லிப்ட் நின்றுபோன நாட்களில் அரிசிச் சிப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறிய மனிதர் அவர். அதைச் சொன்னால் பூபதிக்கு உதவாது. இருந்தாலும் உள்ளதைச் சொன்னாள். பூபதி தலையாட்டினார். எழுந்துகொள்ளும்போது குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்ததும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தண்ணீர் நல்ல ருசியாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு வனிதாமணிக்கு வேலை ஓடவில்லை. காலி செய்துவிட்டுப் போனவர்களின் எண்கள் எல்லாம் இன்னும் அவள் போனில் இருந்தன. சும்மா நலம் விசாரிக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முதலில் ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள். நர்ஸ் வேலை கிடைத்துப் பெங்களூர் போன பெண். போனை அவள் அண்ணன் எடுத்தான். ஜெசிந்தா இறந்து நான்கு மாதம் ஆகிறது என்றான்.  குழாய்க் காய்ச்சல் என்று அவனே சொன்னான். அந்த வீட்டுக்காரரும் சிறைக்குள்ளேதான் இருக்கிறாராம். அடுத்து மதுரைக்குப் போன ஒரு தம்பதி. மனைவி நன்றாக இருந்தாள். அவள் வேலை பார்க்கிற பள்ளியின் விடுதியிலேயே தங்கி, வார இறுதிக்கு மட்டும் வீட்டுக்கு வருகிறவள். கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டு, இன்னும் ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டுதான் உறங்குகிறான்.

கடைசியாக, இரண்டு தெரு தள்ளி வீடு மாறிப் போன ஒரு கம்ப்யூட்டர் என்ஜினியரைக் கூப்பிட்டாள். அவன் கலகலப்பாகப் பேசினான். உடம்புக்கு ஒன்றுமில்லை, போன வாரம்கூட மலையேறப் போய்விட்டு வந்ததாகச் சொன்னான். அவளுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. போனை வைக்கப் போகிற நேரத்தில், புது வீடும் நம்ம வீடு மாதிரியே காப்புள்ள வீடுதான் ஆன்ட்டி, அம்மா அது இல்லாத வீட்டுக்குப் போகவே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்றான். மதுரைப் பள்ளி விடுதிக்கும் காப்பு உண்டா என்று அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டுக் கேட்டாள். போன வருடமே போட்டுவிட்டார்கள் என்று பதில் வந்தது.

வருடாந்தரப் பரிசோதனைக்குக் கம்பெனியிலிருந்து வழக்கமாக வருகிறவர் டாக்டர் சம்யுக்தா. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அதிகம் பேசாதவர், ஆனால் கேட்ட கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறவர். வனிதாமணி அவரை வரவழைத்துச் சமையலறை மேஜையில் உட்காரவைத்து, தான் கேள்விப்பட்டதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மிதுனாவும் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சம்யுக்தா மறுக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

“இது நீங்களாவே கண்டுபிடிச்சீங்களா, இல்ல யாராவது சொன்னாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியிலேயே வனிதாமணிக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பிறகு சம்யுக்தா விளக்கினார். எந்த ஊர்த் தண்ணீரிலும் அந்தக் கிருமி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். மூச்சோடு உள்ளே போகும். நுரையீரலில் காவல் இருக்கிறது, அது பிடித்துத் தின்றுவிடும். “அந்தக் காவலுக்குத் தினமும் கொஞ்சம் வேலை இருக்கணும். இருந்தாத்தான் வேலை மறக்காது,” என்றார். “காப்புல ஊறுற பொருள் குழாயோட நிக்கல. குளிக்கறப்ப சாரலோட நெஞ்சுக்குள்ள போய், அங்கயும் கிருமிய அதுவே கொன்னுடுது. உடம்போட காவலுக்குச் செய்ய ஒண்ணுமே இல்ல. ரெண்டு மூணு வருஷத்துல அது கலைஞ்சு போயிடுது. திரும்ப வர்றதில்ல.”

“எங்க ஆளுக தினமும் வெளிய போயிட்டுத்தானே வர்றாங்க?” என்றாள் வனிதாமணி.

“வந்து குளிக்கறாங்க இல்லைங்களா? உள்ள போனது சில வாரம் தாங்கும். ஊருக்குப் போயிட்டு வர்றதுல ஒண்ணும் ஆகாது. வேற எடத்துல போய்த் தங்கினாத்தான்.”

காப்பை எடுத்துவிட்டால் என்ன என்று மிதுனா கேட்டாள். எடுத்தால் வெளியே போனவர்களுக்கு ஆனது உள்ளே இருப்பவர்களுக்கும் ஆகும், ஒரே சமயத்தில் எல்லாருக்கும் ஆகும் என்றார் சம்யுக்தா. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்க முடியாதா என்றாள் மிதுனா. செய்து பார்த்தார்களாம். எங்கே, எத்தனை பேரிடம் என்று அவர் சொல்லவில்லை. முடிவு நன்றாக இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

“உங்களுக்கு இது எப்ப இருந்து தெரியும்?” என்று வனிதாமணி கேட்டாள்.

“எனக்கு ஒரு வருஷமா. மேல இருக்கறவங்களுக்கு அதுக்கும் முன்னாடி.” சம்யுக்தா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நானும் காப்புள்ள வீட்லதாங்க இருக்கேன். என் பையன் அங்கதான் பொறந்தான். அங்கயே பொறந்த குழந்தைங்களுக்குக் காவல் கலையறதுன்னே ஒண்ணு இல்ல. அது உருவானதே இல்ல.”

போகிற இடத்தில் காப்பு இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, அதனால்தான் பள்ளிகள், ஆஸ்பத்திரிகள், ரயில் நிலையத் தங்கும் அறைகள் என்று கம்பெனி எங்கும் போட்டுக்கொண்டு போகிறது என்றார். அது வியாபாரத்துக்காக மட்டும் இல்லை, இப்போது வேறு வழியும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். குழாய்களைப் பரிசோதிக்கவில்லை.

கதவு சாத்தியதும் மிதுனா அம்மாவைப் பார்த்தாள். இருபத்தாறு வயது, ராக்கெட் எரிபொருள் பற்றிப் படித்தவள். தென்கோடியில் குலசேகரப்பட்டினத்து ஏவுதளத்தில் வேலை கிடைத்து, ஆனியில் போய்ச் சேர வேண்டியிருந்தது. வனிதாமணி அந்தப் பேச்சை எடுக்கும் முன்பே அவள் வேறு பேச்சை எடுத்தாள். அந்தச் சேலத்துக்காரர் சிறைக்குப் போகக் கூடாது, எல்லாரிடமும் சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போ என்றாள். வனிதாமணிக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அடுத்த ஞாயிறு மாலை வீட்டுக்கு ஒருவராவது வர வேண்டும் என்று சொல்லி எல்லாரையும் மொட்டை மாடிக்கு அழைத்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். தான் போட்ட காப்பு, தான் கேள்விப்பட்ட சாவுகள், சம்யுக்தா சொன்னது எல்லாவற்றையும் சொல்லி, பூபதிக்காகச் சேலம் கோர்ட்டில் இதைச் சொல்லப்போவதாகவும் சொன்னாள். திட்டுவார்கள், கைநீட்டினாலும் நீட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தாள். யாரும் சத்தம் போடவில்லை. சிலர் தொட்டியைப் பார்த்தார்கள். ஒருவர் தன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டார். நான்காம் மாடி சந்தோஷ்குமார் மட்டும், எல்லாம் வாடகையை ஏற்றுவதற்கான நாடகம் என்று சொல்லிவிட்டு, தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

கொஞ்ச நேரம் கழித்து நஸ்ரின் எழுந்தாள். இரண்டாம் மாடியில் இருப்பவள், பத்து மாதப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். குழந்தை இந்தக் கட்டடத்தில்தான் பிறந்தது.

“அக்கா, நீங்க கோர்ட்ல சொன்னா அப்புறம் என்ன நடக்கும்?”

அரசாங்கம் விசாரிக்கும் என்றாள் வனிதாமணி.

“விசாரிச்சு?”

 விசாரித்தால் என்ன செய்வார்கள் என்பது மாடியில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தப்பான பொருள் என்று தெரிந்ததும் முதலில் அதை எடுக்கச் சொல்லி உத்தரவு போடுவார்கள். குளோரினை ஏற்றி எல்லாக் கட்டடங்களிலும் கழுவிவிடுவார்கள். ஆராய்ச்சி எல்லாம் பிறகுதான் வரும்.

“அவரு ஜெயிலுக்குப் போனா என்னைக்காவது ஒரு நாள் வெளிய வந்துருவாருக்கா,” என்றாள் நஸ்ரின். குரலை உயர்த்தவில்லை. “எம் புள்ளைக்கு அப்படி இல்ல.”

 கோர்ட்டுக்குப் போக வேண்டாம் என்பவர்கள் கையைத் தூக்கலாம் என்று எவரோ சொன்னார்கள். கைகள் உயர்ந்தன. பெரியவர் ஒருவர் வனிதாமணியின் முகத்தைப் பார்க்காமல் கையைத் தூக்கினார். மிதுனா தூக்கவில்லை. எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

கட்டடம் வனிதாமணியுடையது. யார் கையைத் தூக்கினாலும் அவள் போகலாம், தடுக்க யாரும் இல்லை. அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தாள். நஸ்ரின் தினமும் குழந்தையைக் கீழே நிழலில் விளையாட விட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை தவழ்ந்து வந்து வனிதாமணியின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். பூபதி இரண்டு முறை போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தாள். ஏதாவது தெரிந்ததாம்மா என்று கேட்டார். எனக்குத் தெரிஞ்சு சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க என்று அவள் சொல்ல, சரிங்கம்மா, சிரமம் குடுத்துட்டேன் என்று அவர் போனை வைத்தார். அன்றிலிருந்து மிதுனா அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள்.

சந்தோஷ்குமார் அந்த மாதமே காலி செய்துகொண்டு பொள்ளாச்சிக்குப் போய்விட்டான். அந்த வீட்டை வனிதாமணி யாருக்கும் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கிறது என்றாள். வைகாசியில் ஒரு மத்தியான நேரம் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. பின் இருக்கையில் அவன் மனைவி ரேவதி கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டியதுதானே என்று யாரோ கேட்டதற்கு, அங்கேயும் போனோம், மருந்து கேட்கவில்லை, இங்கே கொண்டுபோ என்று ஒரு டாக்டரே காதோடு சொன்னார் என்றான், தானும் இருமிக்கொண்டே. அந்த ஆஸ்பத்திரியில் காப்பு இல்லையாம்.

காலியாக இருந்த அவர்கள் வீட்டுக் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ரேவதியை உட்காரவைத்தார்கள். கழுத்து நிற்கவில்லை. மிதுனாதான் உடுத்திய துணியோடே அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டு ஷவருக்கடியில் நின்றாள். கதவைச் சாத்தச் சொன்னாள், சாரல் வெளியே போகக் கூடாது என்று. வனிதாமணி வெளியே நின்றாள். மூச்சு இழுக்கிற சத்தம் ஈரமான துணியைக் கிழிப்பதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. பொழுது சாயும் சமயத்தில் அந்தச் சத்தம் தணிந்தது. கதவைத் திறந்தபோது ரேவதி கண்விழித்திருந்தாள். மிதுனாவின் விரல்கள் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தன. துண்டை நீட்டிய அம்மாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, துண்டை வாங்காமல் நடந்து போனாள்.

ரேவதி பிழைத்துக்கொண்டாள். பழையபடி படியேற முடியவில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை. சந்தோஷ்குமார் அதன் பிறகு வாடகையைப் பற்றியோ நாடகத்தைப் பற்றியோ பேசவில்லை. கட்டடத்து ஆட்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் இடங்களில் காப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் தன் ஆபீசில் போடச் சொன்னார். இன்னொருவர் மகன் படிக்கிற காலேஜில் பேசினார். நஸ்ரின், தன் அம்மா வீட்டுத் தெருவில் இருந்த மகப்பேறு ஆஸ்பத்திரியில் போட வைத்துவிட்டாள். யாரும் பொய் சொல்லவில்லை. எங்க வீட்டுல ஆறு வருஷமா ஒரு காய்ச்சல்கூட இல்ல என்று சொன்னால் போதுமானதாக இருந்தது.

சேலம் கோர்ட்டின் தீர்ப்பை வனிதாமணி போனில் செய்தியாகப் படித்தாள். ஏழு வருடம். ஜீப்பில் ஏறுகிற பூபதியின் படம் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது போட்டிருந்த அதே சட்டை மாதிரி இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வடிக்க வேண்டிய சோற்றை வடித்தாள். மிதுனாவும் அதைப் படித்திருக்க வேண்டும். அன்று மத்தியானம் அவள் வந்து அம்மாவுக்கு எதிரில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். வனிதாமணிக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. என்னவோ வரப்போகிறது என்றுதான் பட்டது.

“நாளைக்கு ஒரு போன் வரும்மா,” என்றாள் மிதுனா. “திருச்செந்தூர்ல இருந்து. எஸ்தர்னு பேரு. நான் தங்கப்போற ஹாஸ்டல் அவங்களதுதான்.”

“போகப்போறியா கண்ணு?”

“அவங்க காப்பு போடலாமான்னு யோசிச்சுட்டு இருக்காங்க. போட்டா வர்றேன்னு சொல்லியிருக்கேன்.” சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். “ஏற்கெனவே போட்ட ஒருத்தர்கிட்ட விசாரிக்கணும்னாங்க. உன் நம்பரக் குடுத்தேன்.”

அங்கே எத்தனை பெண்கள் தங்கியிருக்கிறார்கள் என்று வனிதாமணி கேட்டாள். இருநூறு பேர் இருப்பார்கள் என்றாள் மிதுனா. பெரும்பாலும் தன் வயதுதான், பக்கத்து ஊர்களிலிருந்து முதல்முறையாக வீட்டை விட்டு வந்து வேலை பார்க்கிறவர்கள். சொல்லி முடித்த பிறகும் தலை நிமிரவில்லை. நீயாடி இதைச் சொல்கிறாய் என்று கேட்க வனிதாமணிக்கு வாய் வரை வந்தது. ரேவதியைக் கட்டிப்பிடித்து அன்று வெளுத்துப்போயிருந்த அந்த விரல்கள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். கேட்கவில்லை.

போன் மறுநாள் காலையில் வந்தது. மிதுனா அப்போது அடுப்பங்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

“அக்கா, திருச்செந்தூர்ல இருந்து எஸ்தர் பேசுதேன்,” என்றது அந்தக் குரல். நல்ல வெள்ளந்தியான குரல். தன் ஹாஸ்டலைப் பற்றி நிறையச் சொன்னாள். கணவரும் தானுமாகச் சேர்ந்து கட்டியதாம். கடலோரமாக இருந்தும் கோடையில் தொட்டித் தண்ணீர் சுடுகிறதாம். தினமும் தானே போய் எல்லாக் குளியலறைக் குழாய்களையும் திறந்து மூடுகிறாளாம், ஷவர்களைக் கழற்றி ஊறவைக்கிறாளாம். தண்ணீர் அதிகாரிகள் வந்து ஏசிவிட்டுப் போகிறார்களாம். இத்தனை செய்தும் பயமாகத்தான் இருக்கிறதாம். வனிதாமணி ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டிக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்துக்கு முந்தைய தன்னையே கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

“பெத்தவங்க என்னைய நம்பித்தான விட்டுட்டுப் போயிருக்காவ,” என்றாள் எஸ்தர். “கம்பெனிக்காரன் ஆயிரம் சொல்லுவான். போட்டவங்க ஒரு வார்த்த சொல்லணும்லா. மனசுல உள்ளத சொல்லுங்கக்கா. பிள்ளைகளுக்குப் பின்னால ஏதும் ஒண்ணு வந்துரக் கூடாது.”

வனிதாமணி வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது நான்கு வாக்கியம்கூட இல்லை. மொட்டை மாடியில் இருபது வீட்டுக்காரர்களிடம் சொன்னதுதான். அதைச் சொன்னால் அந்தப் பெண் போட மாட்டாள். இருநூறு பேர் என்றைக்கு வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போய்க் குளித்துக்கொள்வார்கள். மிதுனா இந்த ஐந்து மாடியை விட்டு எங்கும் போக முடியாது. அல்லது காப்பு இல்லாவிட்டாலும் போய்விடுவாள். மிதுனா அடுப்பங்கரையில் எதையும் செய்யாமல் நின்றிருந்தாள். திறந்த குழாயின் சத்தமோ பாத்திரச் சத்தமோ அங்கிருந்து வரவில்லை.

“ஆறு வருசமாச்சுங்க,” என்றாள் வனிதாமணி. “இங்க இருக்கற ஒருத்தருக்கும் ஒரு இருமல்கூட வந்ததில்லைங்க.”

“போடலாங்கியளாக்கா?”

“போடுங்க.”

எஸ்தர் பெருமூச்சு விட்டது போனில் தெளிவாகக் கேட்டது.

“ரொம்ப சந்தோசம்க்கா. நீங்க நாலாவது ஆளு. மெட்ராஸ்ல ஒரு டாக்டரம்மாட்ட கேட்டேன், மதுரைல பள்ளிக்கூடம் நடத்துதவர்ட்ட கேட்டேன், திருச்சில ஒரு சிஸ்டர்ட்ட கேட்டேன். எல்லாரும் இதையேதான் சொன்னாவ. கேட்டதும் நீங்க எல்லாரும் ஒரே மாதிரி கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுத்தான் சொன்னிய. அதுலதான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. யோசிச்சு சொல்லுதவங்க பொய் சொல்ல மாட்டாங்கல்லா.”

வனிதாமணி போனைக் காதில் வைத்தபடியே இருந்தாள். மறுமுனை துண்டித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

“என்னம்மா சொன்னாங்க?” என்றாள் மிதுனா, திரும்பாமல்.

“போடறாங்களாம்.”

 மிதுனா தன் அறைக்குப் போய், அலமாரியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினாள்.